பாலம் வந்ததில் இருந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்களாம்

படுவான்கரைப் பிள்ளை கேட்டது:

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கம். எனக்கு 29 வயது, மட்டக்களப்பு டவுனில் வேலை. அப்பாவுக்கு 65. ஐந்து ஏக்கர் வயல், மூன்று மாடு, ஒரு வாய். அந்த வாய்தான் இப்போது பிரச்சினை.

எது பிழைத்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் காரணம். மழை பிந்தினாலும் நாங்கள்தான், கறியில் உப்புக் கூடினாலும் நாங்கள்தான். "பாலம் வந்ததில இருந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்பார். மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முதல் மண்முனைத்துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்து நின்று, சைக்கிளோடு ஏறி அக்கரை போய்த்தான் நான் ரியூசனுக்குப் போனேன். பாதையைத் தவறவிட்டால் வெயிலில் காய வேண்டும். அப்போது அந்தப் பாதையைத் தினம் திட்டியவரும் இதே அப்பாதான். இப்போது கேட்டால், பாதை இருந்தபோது பொடியன்கள் பொழுதுபட்டால் ஊரில் நின்றார்களாம், கூத்துப் பழக ஆள் இருந்ததாம். மாதக்கணக்காக இரவில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் ஆடிப் பழகியவர் அவர், அந்தக் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அதற்கு நான் என்ன செய்ய?

மாசியில் நடந்ததுதான் உச்சம். வெட்டுமெசினை நான்தான் போனில் பேசிப் பிடித்தேன். மழை இருட்டிக்கொண்டு நின்றதால் எல்லா வயல் வட்டையிலும் இழுபறி, எங்கள் வயலுக்கு வரும்போது இரவு பத்து மணி. மெசின் ஓட்டிய தம்பி காதில் இயர்போன் மாட்டியிருந்தான். அப்பா வரம்பில் டோர்ச்சும் கையுமாக நின்று "அந்த மூலையில பள்ளம் கிடக்கு, பார்த்து" என்று கத்துகிறார், அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. விடிவதற்குள் வெட்டி முடிந்து, லொறிக்காரர் ஈர நெல்லாகவே நிறுத்து ஏற்றிவிட்டார். காசு கையில். நான் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தால், எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"நெல்லை வீட்டுப் படி காணாமலே வித்துப்போட்டியள். இதுவும் ஒரு வேளாண்மையா, மகள்?"

பிறகு தொடங்கினார்: தாக்கத்தியால் வெட்டியது, வெட்டிப் போட்ட உப்பட்டி காய்ந்ததும் சூடாகக் குவித்து வைத்தது, சூடு மிதிக்கும் களமான களவெட்டிக்குள் நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும் என்பது. ஒரு கிழமை ஓடியது அந்தக் கதை. வைக்கோல் துண்டாகிப் போய்விட்டது, மாட்டுக்கு என்ன போட என்று கேட்டாரே, அது மட்டும் நியாயம்.

உங்கள் வீட்டிலும் இப்படியா? என்ன பதில் சொல்லுகிறீர்கள்?

கச்சான்காற்று (களுதாவளை) எழுதியது:

மகள், நான் உன் அப்பாவின் செட், ஒரு வயது மூப்பு. எனவே கட்சி சேர்ந்துதான் பேசுவேன்.

1978 கார்த்திகை 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்குப் பத்தொன்பது. விடியப் பார்த்தால் வளவில் நின்ற தென்னை எல்லாம் படுத்திருக்கிறது, வெற்றிலைக் கொடிக்கால் இருந்த இடமே தெரியவில்லை. ஆத்தை குந்தியிருந்து அழ, அப்பா மண்வெட்டியைத் தூக்கினார். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, போன் சார்ஜ் இறங்கிவிட்டது என்று மூஞ்சியைத் தூக்கும் பேரனைக் கண்டால் வாய் சும்மா இருக்குமா?

ஆனால் ஒன்று. உன் அப்பா வரம்பில் நின்று கத்தியது பள்ளத்துக்காக மட்டும் இல்லை. எந்த மூலை பள்ளம், எங்கே தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும், அதைக் கேட்க ஒருவருமில்லை. எனக்கும் இப்போது கொடிக்காலில் வேலை இல்லை. மகன் எல்லாம் பார்க்கிறான், நன்றாகத்தான் பார்க்கிறான், அதுதான் எரிச்சல். அடுத்த முறை மெசின்காரனோடு அப்பாவைப் பேச விடு. உன்னைவிடக் கூடக் கொடுப்பார், பரவாயில்லை.

தோஹாவில் ஒருவன் எழுதியது:

ஐயா கோபிக்க வேண்டாம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே நான் விமானம் ஏறினேன்.

2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். திருக்கோவில் பக்கம் எங்கள் வயலில் கதிர் வந்தது, மணி வரவில்லை. அடுத்த வருடம் டீசலுக்கு இரண்டு இரவு வரிசை, நான் கானோடு, அப்பா சாரத்தோடு. அந்த முடிவுகளை எல்லாம் எடுத்தது நாங்களா? எங்களுக்கு வாக்கு வருவதற்கு முன்பே நாடு வாங்கிய கடனும் அதற்குள் இருக்கிறது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து இங்கே வந்தேன். ஊரில் அப்பா என்ன சொல்லித் திரிகிறார் தெரியுமா? "மகன் வேளாண்மையை விட்டிட்டு ஓடிட்டான்." நான் அனுப்பும் காசில்தான் விதைநெல் வாங்குகிறார்.

சங்கிலி இன்னும் அடகில்தான்.

நிந்தவூர் நானா எழுதியது:

தங்கச்சி, எங்கள் வீட்டுச் சண்டை கணக்கில். நான் ஏக்கரில் சொன்னால் வாப்பா பழைய அளவான அவணத்தில் கேட்பார். நான் கிலோ என்றால் அவர் பழைய மரைக்கால். ஒரு நாள் நெல்லில் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் நின்றால் நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்காது என்றேன். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துவிட்டு "காய்ஞ்சிட்டு, கொண்டு போ" என்றார். கொண்டுபோனேன், மீட்டர் 16 காட்டித் திருப்பி அனுப்பினார்கள். வாப்பா இன்றைக்கும் சொல்லுவது, மீட்டர் பழுது என்று.

வைக்கோலுக்கு ஒரு வழி: மெசின் போனதும் அன்றைக்கே சுருட்டி ஏற்று. மழை பட்டால் மாடு மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

படுவான்கரைப் பிள்ளை திரும்ப எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தோஹா அண்ணா, உங்களுக்கு என்ன சொல்ல என்று தெரியவில்லை, சங்கிலி கெதியாக மீளட்டும்.

நேற்று இந்தப் பதில்களை அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்கு 84, காது பாதி. கச்சான்காற்று ஐயா எழுதியதைக் கேட்டதும் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னா. சூறாவளிக்கு மூன்று வருடம் கழித்து, எருமை கட்டி மிதித்தால் நாள் போகும் என்று அப்பா யாரிடமோ உழவு மெசினைக் கூட்டிவந்து சூட்டின் மேல் ஏற்றி ஓட்டியிருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்தொன்று. அப்பப்பா களவெட்டிக்குப் போகவே இல்லையாம். புதிரிசிச் சோற்றை முன்னால் வைத்தபோது, எண்ணெய் நாறுது என்று தள்ளிவிட்டாராம்.

திண்ணையில் யூரியூப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன், உண்மையா என்று. போனில் இருந்து கண் எடுக்கவில்லை.

"அது வேற, இது வேற."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "அடுத்த போகத்துக்கு அந்த மெசின்காரப் பொடியன்ட நம்பரை எனக்குத் தா. பகலில வரச் சொல்லோணும்" என்றார்.