அலுவலகக் கட்டடத்தில் குளியலறைத் தரையை ஓரடி உயர்த்தலாமா?

கேள்வி (கட்டட உரிமையாளர்):
வணக்கம். கோவை காந்திபுரத்தில் என் தந்தையார் 1996-ல் கட்டிய அலுவலகக் கட்டடம் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்டது. தரைத்தளத்தைக் கடைகளாகவும், மேலே மாடிக்கு ஆறு வீதம் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகளாகவும் (வெளியூர்க்காரர் குறுகிய காலம் தங்கும் வாடகை வீடுகள்) மாற்ற விரும்புகிறோம். இப்போதுள்ள கழிவறைகள் பின்பக்க மூலையில் மட்டுமே இருக்கின்றன. சன்கன் ஸ்லாப் (குழாய்களைப் புதைப்பதற்காகத் தாழ்த்திக் கட்டிய தளம்) எங்கும் இல்லை. மாடிக்கு மாடி உயரம் பத்தரை அடி என்பதால், குளியலறைகளில் செங்கல் ஜல்லி நிரப்பித் தரையை ஓரடி உயர்த்திக் குழாய்களைப் புதைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். இது சரியா?

பதில் (கட்டமைப்புப் பொறியாளர்):
ஐயா, உயரம் போதும்; எடைதான் தாங்காது. ஓரடி ஜல்லி நிரப்பினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ ஏறும். அலுவலகத் தளங்களுக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) தரும் பயன்பாட்டுச் சுமையே, அதாவது ஆட்களுக்கும் பொருள்களுக்கும் ஒதுக்கும் எடையே, 250 முதல் 400 கிலோதான். ஆள் நடமாடுவதற்கு முன்பே அது தீர்ந்துவிடும். அறைகளைப் பிரிக்க நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால், பூச்சோடு சேர்த்து ஓடும் மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் கூடும், ஏ.ஏ.சி. பிளாக்கில் (காற்றுத் துளைகள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்) அது பாதிக்கும் கீழே. பழைய வரைபடம் இல்லையென்றால் தளத்துக்குள் இருக்கும் கம்பிகளை ஸ்கேன் செய்து தளத்தைச் சோதித்த பிறகே சுவர் வேலையைத் தொடங்குங்கள்.

பதில் (குழாய் ஒப்பந்தக்காரர்):
தரையை உயர்த்தாமலே செய்யலாம். சுவரில் தொங்கும் கம்மோடு வைத்தால் அதன் குழாய் பின்னால் உள்ள பொய்ச்சுவருக்குள் போய்விடும். குளிக்கும் இடத்தை மட்டும் நான்கைந்து அங்குலம், அதுவும் இலகு கான்கிரீட்டில், உயர்த்தினால் போதும். இரண்டு குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து நடுவில் ஒரு டக்ட் (குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் இடைவெளி) விடுங்கள். தளத்தில் துளையிடும்போது பீமைத் தொடவே கூடாது. முதல் மாடிக் குழாய் கடையின் கூரைக்குக் கீழே தொங்கினால், கசிவு வரும் நாளில் துணிக்கடைக்காரரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி (கட்டட உரிமையாளர்):
மிக்க நன்றி. நடுவில் உள்ள இரண்டு வீடுகள் டக்டிலிருந்து 9 மீட்டர் தள்ளி இருக்கின்றனவே?

பதில் (குழாய் ஒப்பந்தக்காரர்):
நான்கு அங்குலக் குழாய்க்கு 60-க்கு 1 சரிவு என்றால், 9 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம். குழாயின் தடிமனையும் சேர்த்தால் மறுபடி அதே ஓரடிக்குத்தான் வந்து நிற்பீர்கள். தவிர, அந்த நடு வீடுகளுக்கு ஜன்னலும் கிடைக்காது. மாடிக்கு நான்கு வீடுகளாகக் குறைத்து, நடுப்பகுதியைத் துணி துவைக்கும் அறையாகவும் பொருள் வைக்கும் அறையாகவும் வைத்துக்கொள்வதே நல்லது.

பதில் (கட்டமைப்புப் பொறியாளர்):
இன்னொன்று. அலுவலகத்துக்கு வாங்கிய அனுமதி தங்கும் விடுதிக்குச் செல்லாது. பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியாகத் திட்ட அனுமதி பெற வேண்டும். வாகன நிறுத்தத்தையும் புதிய பயன்பாட்டுக்கு ஏற்பக் கணக்கிடுவார்கள். இரவில் ஆட்கள் உறங்கும் கட்டடம் என்பதால், கடையில் தீப்பிடித்தால் புகை படிக்குள் நுழையாதிருக்க, கடைகளின் கதவு எதுவும் மாடிப்படிக்குள் திறக்காதபடி வரைபடத்திலேயே பிரித்துவிடுங்கள்.

கட்டட உரிமையாளர்:
நான்கு வீடுகளாகவே வரையச் சொல்லிவிட்டேன். கொத்தனாரிடம் ஜல்லி லோடை நிறுத்தச் சொல்லியாயிற்று.