மீன்தொட்டியைப் படம் எடுத்த பலரின் அனுபவங்கள்: வெளிச்சம் மேலே, லென்ஸ் நேரே

நியான் டெட்ரா என்ற சின்ன மீனின் நீலக் கோடு நேரில் பார்க்கிற மாதிரி படத்தில் விழுவதே இல்லை என்று பலரும் புலம்புகிறார்கள். அந்த நீலம் சாயம் இல்லை. தோலில் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தெரிகிற நிறம். அதனால் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அதைப் பொறுத்துப் பளிச்சென்றும் இருக்கும், மங்கியும் போகும். கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷை முன்னாலிருந்து அடித்தால் மீன் வெளிறிவிடும், கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டும் விழும். ஆற்றில் மீனுக்கு வெளிச்சம் மேலேயிருந்துதான் வருகிறது. தொட்டியிலும் அப்படி வந்தால்தான் மீன் மீனாகத் தெரியும்.

என் வழக்கம் இது. தனி ஃபிளாஷ் ஒன்றைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் கீழ்நோக்கிப் படுக்க வைத்து, வயர்லெஸ் ட்ரிகரில் (கம்பியில்லாமல் ஃபிளாஷை இயக்கும் கருவி) அடிப்பேன். ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/200 நொடி, லென்ஸ் துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) 200 அல்லது 400. அறை விளக்கெல்லாம் அணைந்திருக்கும். மூடி இல்லாத தொட்டி என்றால் இந்த வேலையே வேண்டாம். ஃபிளாஷுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது, தண்ணீருக்குமேல் அதைத் தொங்கவிட்டு விளையாடக் கூடாது.

ஃபிளாஷ் இல்லையா, சரி, தொட்டி விளக்கே போதும். ஐ.எஸ்.ஓ.வை 1600 வரைக்கும் தயங்காமல் ஏற்றுங்கள். ஷட்டர் 1/125க்குக் கீழே போக வேண்டாம், துறுதுறுவென்று ஓடும் மீனுக்கு 1/250 வேண்டும். படத்தில் புள்ளிபுள்ளியாக வருவதைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம். மீன் கலங்கிப் பதிந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைவிட முக்கியம் லென்ஸ் கண்ணாடிக்கு நேராக நிற்பது. சாய்வாக எடுத்தால் காற்று, கண்ணாடி, தண்ணீர் என்று ஒளி ஒவ்வோர் இடத்திலும் வளைந்து, மீனின் ஓரத்தில் நிறம் பிரிந்து, எல்லாம் மசமசவென்று ஆகிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் இதேதான். லென்ஸின் முன்னால் ரப்பர் ஹூட் (குழல் போன்ற மறைப்பு) மாட்டி அதைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தால், நம் சட்டையின் பிரதிபலிப்புகூட வராது. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நேராக எடுக்கும்போது அது பிரதிபலிப்பை நீக்காது, இருக்கிற வெளிச்சத்தைத்தான் குறைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த படம், ஏஞ்சல் மீன் ஜோடி முட்டையைக் காத்து நின்றபோது கிடைத்தது. அகலமான இலை ஒன்றில் வரிசையாக ஒட்டியிருந்த முட்டைகளுக்கு, ஒன்று மாற்றி ஒன்று மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன. வெள்ளை பூத்துப்போன முட்டையை மட்டும் வாயால் பொறுக்கி எடுத்தன. அவை அந்த இலையை விட்டு அதிக நேரம் விலகியிருக்காது என்பதால் ஃபோகஸைக் கையால் இலையில் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை ஹூட் கண்ணாடியைத் தொடும்போதும் அதில் ஒன்று இலையை விட்டு வந்து லென்ஸுக்கு நேரே கண்ணாடியை முட்டும். துடுப்பு விறைக்க, கண்ணின் சிவப்பு வளையம் தெளிவாகத் தெரிய, நேரே என்னைப் பார்த்து நின்ற அந்தக் கணத்தில்தான் படம் விழுந்தது. ஓடும் மீனைத் துரத்தி ஃபோகஸ் செய்வதைவிட, அது திரும்பி வரும் இடத்தைக் கண்டுபிடித்துக் காத்திருப்பது மேல்.

* * *

நல்லா சொன்னீங்க. நான் வைத்திருப்பது கடல்நீர்த் தொட்டி, அங்கே கதை வேறு. பவளத்துக்கான நீல எல்.இ.டி. எரியும்போது எடுத்தால் படம் முழுக்க ஊதா மை கொட்டியது போல இருக்கும். பல கேமராக்களில் ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) 10000 கெல்வினோடு நின்றுவிடும், இந்த விளக்கு அதையும் தாண்டிய நீலம். லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் ஒன்றைப் பிடித்து, ரா கோப்பாக (கேமரா மாற்றாமல் அப்படியே பதியும் கோப்பு) எடுத்த பிறகுதான் எனக்குப் பச்சையும் சிவப்பும் திரும்பக் கிடைத்தன. வெள்ளை விளக்கைக் கூட்டினால் வேலை சுலபம்தான், ஆனால் பவளத்தின் ஒளிர்வு அதில் அமுங்கிப்போகும். பம்பைச் சிறிது நேரம் நிறுத்தினால் பவளம் ஆடாது. மறுபடி போட மறக்காமலிருக்க அலைபேசியில் அலாரம் வைத்துவிட்டு நிறுத்துங்கள்.

* * *

படத்தில் குறுக்கே கறுப்பு வரிகள் வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எல்.இ.டி.யை மங்க வைத்திருப்பீர்கள். பல விளக்குகள் வேகமாக அணைந்து எரிந்துதான் ஒளியைக் குறைக்கின்றன, ஷட்டர் வேகமானால் அது வரியாகப் பதியும். முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

* * *

தண்ணீர் மாற்றிய கையோடு கேமராவை எடுக்காதீர்கள். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று இலையிலும் கண்ணாடியிலும் பொடிப்பொடிக் குமிழியாக ஒட்டும், படத்தில் அது தூசி மாதிரிதான் தெரியும். நான் முந்தின நாளே மாற்றிவிடுவேன். கண்ணாடியின் உள்பக்கப் பாசியைக் காந்தத் துடைப்பானால் தேய்க்கும்போது மணல் ஒன்று மாட்டினால் போச்சு, ஆயுளுக்கும் கீறல் (மணலுக்குப் பக்கத்தில் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுவதே நல்லது).

அப்புறம், விளக்கு போட்ட உடனே டெட்ரா நிறம் மங்கித்தான் இருக்கும், அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். தீனி போடுவதற்கு முன் எடுத்தால் மீன் முன்பக்கம் வந்து நிற்கும், வயிறும் உப்பியிருக்காது. ஃபைட்டர் மீன் துடுப்பை விரிக்க வேண்டுமென்றால் சின்னக் கண்ணாடியைக் காட்டலாம், ஓரிரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அது உண்மையாகவே சண்டைக்கு நிற்கிறது. முழுத் தொட்டியையும் எடுப்பவர்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி முக்காலியில் வைத்து, லென்ஸைத் தொட்டியின் நடு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கிட்ட நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்தால் தொட்டியின் விளிம்புகள் வளைந்து தெரியும்.