சைக்கிள் பின்டயர் நடுவில் மொட்டையாகிவிட்டது, முன்பின் மாற்றிப் போடலாமா, புதிது வாங்கணுமா?

குன்றத்துச் சைக்கிள்:

வணக்கம். மதுரையில் திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கிறேன். வேலைக்குப் போக வர ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டர், மாதம் 25 நாள், பத்து மாதமாக ஒரே ஜோடி டயர், வண்டியோடு வந்தது, அளவு 700×35சி. கணக்குப் போட்டால் 5,500 கிலோமீட்டர் ஆகிறது. பின்டயரில் நடுவே பட்டன் எல்லாம் போய் ஒரு விரல் அகலத்துக்கு வழவழவென்று தட்டையாகிவிட்டது, ஓரத்தில் மட்டும் பட்டன் அப்படியே நிற்கிறது. முன்டயரைப் பார்த்தால் போன மாதம் வாங்கியது போல இருக்கிறது. கடையில் காட்டினேன், "காருக்குச் செய்கிற மாதிரி முன்னதைப் பின்னே, பின்னதை முன்னே போட்டுடலாம், இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்றார். செலவில்லாத வழிதான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மகளைக் கேரியரில் வைத்துப் பள்ளியில் விடுகிறேன், அதனால் பயமாக இருக்கிறது. டயர் முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? மொட்டையானால் மழையில் வழுக்குமா? மாற்றிப் போடுவது சரியா?

சிவகங்கைக் கடைக்காரர்:

தம்பி, முப்பது வருஷமாக டயர் கழற்றி மாட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டனை மட்டும் பார்த்து டயரை முடிவு செய்யாதீர்கள். எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின்சக்கரத்தில்தான் உட்காருகிறது, மிதிக்கிற இழுவையும் அதற்குத்தான், அதனால் பின்டயர் முன்டயரைவிட இரண்டு மடங்கு, சில வண்டியில் மூன்று மடங்கு வேகத்தில் தேயும். அது இயல்பு, உங்கள் வண்டியில் குறை இல்லை.

நடு தட்டையாவது முதல் அடையாளம், ஆனால் அதோடு டயர் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காற்றைப் பாதி இறக்கிவிட்டு, தேய்ந்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பாருங்கள். ரப்பர் கனமாகத் தெரிந்தால் இன்னும் ஓடும், காகிதம் போல மடிந்தால் நாள் நெருங்கிவிட்டது. ரப்பருக்கு அடியில் நூல் எட்டிப்பார்த்தால், ஒரே இடத்தில் நகம் அளவுக்குத் தெரிந்தாலும் சரி, அன்றைக்கே கழற்றிவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டக் கூடாது. அடிக்கடி பஞ்சர் ஆவதும் ஒரு சேதிதான். எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள், புது டயரில் பாதி ரப்பரோடு நின்றுவிடும் முள்கூடத் தேய்ந்த டயரில் நேரே ட்யூபுக்குப் போய்விடும். ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர் என்று யாராவது வந்தால் ட்யூபை ஒட்டுவதற்கு முன்னால் டயரைத்தான் திருப்பிப் பார்ப்பேன்.

பிறகு பக்கவாட்டு. நிறைய பேர் பார்ப்பதே இல்லை. காற்று குறைவாக ஓட்டினாலும், காற்றில்லாமல் மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைத்தாலும் பக்கத்தில் வரிவரியாக வெடிப்பு விழும். மயிரிழை வெடிப்பு பரவாயில்லை. வெடிப்புக்குள் நூல் தெரிந்தாலோ, சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் கொழுக்கட்டை மாதிரி புடைத்து வந்தாலோ, நடுவில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் வேண்டாம்.

இரவு ஓட்டம்:

கடை அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. மாற்றிப் போடுவது பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் செய்து அடிபட்டிருக்கிறேன். தேய்ந்த பின்டயரை முன்னால் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏலகிரி மலையில் இறங்கும்போது ஒரு வளைவில் முன்டயர் வெடித்தது. கைப்பிடி நம் பேச்சைக் கேட்காது, திருப்பினாலும் வண்டி திரும்பாது, நேராகப் போய்ச் சுவரில் உரசித்தான் நின்றேன், தோள்பட்டை எலும்பு பிசகி ஆறு வாரம் வண்டி தொடவில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் பின்டயர் இரண்டு முறை வெடித்திருக்கிறது, இரண்டு முறையும் வால் ஆடியதே தவிர விழவில்லை, மெதுவாக ஓரங்கட்டிவிட்டேன்.

பின்டயர் போனால் சமாளிக்கலாம், முன்டயர் போனால் விழுவோம். அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் போகிறது, திருப்புவதும் முன்சக்கரம்தான், அதனால் இருப்பதில் நல்ல டயர் எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும். நடு தட்டையான டயரை முன்னால் போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு, வண்டியைச் சாய்க்கும்போது தட்டையிலிருந்து ஓரத்துக்கு ஏறுகிற விளிம்பில் சட்டென்று சாய்கிற மாதிரி இருக்கும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது: பின்டயரைத் தூக்கிப் போடுங்கள், இப்போது முன்னால் இருப்பதைப் பின்னே போடுங்கள், புதிது ஒன்றே ஒன்று வாங்கி முன்னால் போடுங்கள். ஒரு டயர் காசுதான்.

மழையில் வழுக்குமா என்று கேட்டீர்கள். தார்ச்சாலையில் பட்டனால் பெரிய வித்தியாசம் இல்லை. கார் டயர் அகலம், தட்டை, அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டு மிதக்கும், அதை வெளியேற்றத்தான் அதற்குப் பள்ளம் வேண்டும். சைக்கிள் டயர் ஒடுக்கமாக, உருண்டையாக, அதிக அழுத்தத்தில் இருக்கிறது, நாம் போகிற வேகத்தில் அது மிதக்காது. பந்தயச் சைக்கிள்களில் புது டயரே வழவழவென்றுதான் வரும். மண்ணில், சேற்றில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் பட்டன் உயிர். மழையில் வேறொன்று கவனிக்க வேண்டும், ஈர ரப்பரைக் கண்ணாடிச் சில்லு சுலபமாக வெட்டும், தேய்ந்த டயர் ஐப்பசி கார்த்திகையில் அதிகம் பஞ்சராவது அதனால்தான்.

கோவை மிதி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஐந்தாறு வருஷமாக 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒரே மாதிரி தேய்கிறது, ஒரே நாளில் இரண்டையும் கழற்றிப் புதிது போட்டுவிடுகிறேன். மொட்டையான பிறகு முன்பின் மாற்றுவதுதான் தப்பு, ஆரம்பத்திலிருந்தே மாற்றினால் தப்பில்லை.

இரவு ஓட்டம்:

ஆரம்பத்திலிருந்து மாற்றினால் ஆபத்து குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சம் என்ன? தரையில் தேய்கிற ரப்பர் எப்படிப் போட்டாலும் அதே அளவுதான். உங்கள் முறையில் கடைசி ஆயிரம் கிலோமீட்டருக்கு முன்னாலும் பழைய டயர், பின்னாலும் பழைய டயர். என் முறையில் முன்னால் எப்போதும் புதிது அல்லது கிட்டத்தட்டப் புதிது. முன்டயரை வெகுநாள் அங்கேயே விட்டால் தேயாமலே ரப்பர் காய்ந்துபோகும், பின்னுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் அதற்குள் ஓட்டித் தீர்த்துவிடலாம். கிலோமீட்டர் கணக்கையும் நான் நம்புவதில்லை. அதே டயர் ஒருவருக்கு 3,000, இன்னொருவருக்கு 7,000 ஓடும். ஆள் எடை, சாலை, காற்று, பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்துத் தேய்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம், எல்லாம் சேர்ந்தது அது.

குன்றத்துச் சைக்கிள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் நடுவில் மெல்லிசாக மடிகிறது, ஓரிடத்தில் அரை அங்குல நீளத்துக்குக் கீறல், அதை விரித்தால் உள்ளே வெள்ளை நூல். கடையில் இதை யாரும் பார்க்கவில்லை. நல்லவேளை முன்னால் போடவில்லை. இன்னொன்று, புதிது போல இருக்கிறது என்று சொன்ன முன்டயரில் இடது பக்கம், ரிம்முக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு கோடு தேய்ந்திருக்கிறது. நூல் தெரியவில்லை. இது என்ன? இதைப் பின்னே போடலாமா? கீறலுக்கு உள்ளே துண்டு வைத்து ஒட்டினால் பின்டயர் கொஞ்ச நாள் ஓடுமா?

சிவகங்கைக் கடைக்காரர்:

அந்தக் கோடு பிரேக் கட்டை உரசியது. கட்டை ரிம்மில் மட்டும்தான் பிடிக்க வேண்டும், அரைக்கால் அங்குலம் மேலே ஏறியிருந்தால் டயரைத் தின்றுவிடும், நல்ல டயரைப் பத்தே நாளில் அறுத்த கட்டையெல்லாம் பார்த்திருக்கிறேன். முதலில் கட்டையை இறக்கி மாட்டுங்கள், சக்கரத்தில் கோட்டம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நூல் தெரியாதவரை அந்த டயர் பின்னே ஓடும், வாரம் ஒரு முறை அந்தக் கோட்டைப் பாருங்கள்.

கீறலுக்குப் பழைய டயர் துண்டை உள்ளே வைப்பது வீடு போய்ச் சேர மட்டும். கேரியரில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதில் ஓட்ட வேண்டாம்.

வாங்கும்போது பழைய டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், 37-622 மாதிரி இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காருகிற விட்டம், அந்த இரண்டாவது எண் இம்மியும் மாறக் கூடாது. பழைய 28 அங்குலக் கறுப்பு வண்டிக்கு அது 635, இரண்டையும் 28 என்றுதான் சொல்வார்கள், ஒன்று மற்றொன்றில் ஏறாது. பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில் சுற்றும்படி மாட்டுங்கள். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரிகிற டயரே வாங்கலாம், கான்டினென்டல் டயர் சிலவற்றில் நடுவே இரண்டு சின்னக் குழி இருக்கும், அது மறைந்தால் மாற்ற வேண்டும். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் ரப்பருக்கு அடியில் நீலப் பட்டை, நீலம் தெரிந்தால் முடிந்தது.

புது ட்யூப் போடுவதற்கு முன்னால் பின்னே போகிற டயரின் உட்பக்கத்தைப் பஞ்சால் ஒரு சுற்று துடையுங்கள், முள் நுனி இருந்தால் பஞ்சு மாட்டும். கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

குன்றத்துச் சைக்கிள்:

சரி அண்ணே. புது டயர் வாங்கி முன்னால் போட்டாயிற்று, கட்டையும் இறக்கியாயிற்று. பஞ்சில் இரண்டு முள் வந்தது. மகளை வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன்.