பன்னிக்கு கருவாட்டுத் தூள் போடுறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

பாம்பன்காரன்:
மண்டபத்துல மச்சான் பட்டியில பாத்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. தவிட்டுல கருவாட்டுத் தூள் கலந்துதான் எப்பவும் வைப்பாங்க, அன்னிக்குன்னு கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, தொட்டி காஞ்சு கெடந்துச்சு, வேலைக்கு நின்ன பையன் தீனிய மட்டும் கொட்டிட்டுப் போயிட்டான். மறுநாள் போறேன், நல்லா வளந்த குட்டி ஒன்னு நாய் மாதிரி குந்திக்கிட்டு இருக்கு, மூக்கு மட்டும் வெடுக் வெடுக்குன்னு துடிக்குது, தலை அண்ணாந்து பின்னாடியே நடந்து செவுத்துல மோதி விழுந்து கால அடிச்சுக்குது. செத்த நேரத்துல எந்திரிக்குது, திரும்ப மூக்குல இருந்து ஆரம்பிக்குது! கண்ணு முன்னாடி கைய ஆட்டினேன், பார்வையே இல்ல. வெறிநாய் கடிச்சிருக்கும்னு மச்சான் கிட்டவே போகல. டாக்டர் வந்ததும் கேட்ட மொத கேள்வி, தண்ணி எப்ப வச்சீங்க?

தொண்டி:
தம்பி, கருவாட்ட குத்தம் சொல்லாதீங்க, அது தண்ணி இல்லாம கருவாட்டு உப்பு ஒடம்புல ஏறினதால வந்தது. வெறும் தவிட்ட போட்டா லைசின்ங்குற புரதச் சத்து பத்தாது, குட்டி வயிறு தள்ளி முடி சிலுத்து நிக்கும், மீன் போட்டா தேறும். என் மனசுல கெடக்குறது வேற. கறி வாங்க வந்தவரு ஒரு துண்ட மோந்து பாத்துட்டு "இது மீனா, அக்கா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டுப் போயிட்டாரு. வெட்டுறதுக்கு சில வாரம் முன்னாடியே மீன நிறுத்திரணும்.

தேவிபட்டினம்:
எங்க வீட்டுப் பன்னி கடலைப் புண்ணாக்க மூக்கால தள்ளி விட்டுச்சு, கட்டிய உடைச்சா உள்ள பச்சைப் பூஞ்சை, அவ்வளவுதான் என் கதை. ஆனா எல்லாரும் இதக் கேட்டுக்கங்க. பூஞ்சை நஞ்சு ஈரல அடிக்கும், காய்ச்சினாலும் போகாது, மழைக்காலத்துல மூட்டைய தரையில போடாம பலகை மேல அடுக்குங்க. 100 கிலோ தீவனத்துல எல்லாம் சேத்து உப்பு அரை கிலோ போதும், கருவாட்டுல இருக்குறதயும் அதுல கணக்கு வைக்கணும். உப்பு ஏறின பன்னிக்கு பதறிப்போய் தொட்டிய ரொப்பி வச்சிராதீங்க, ஒரேயடியா குடிச்சா மூளை வீங்கிரும், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கணும். ராமேஸ்வரம் ஓட்டல் மிச்சத்த வாங்கிட்டு வர்றவங்க அரை மணி நேரமாச்சும் கிண்டிக்கிட்டே கொதிக்க விடுங்க, அதுல பன்னிக்கறி கலந்திருந்தா ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வரலாம், 2020ல அசாம்ல கொத்துக் கொத்தா செத்துச்சு, அதுக்கு மருந்தே கெடையாது.

பாம்பன்காரன்:
தொண்டி அக்கா, மீனே வேணாம்னு நான் எங்க சொன்னேன்? அந்தக் குட்டி பொழைக்கல, மத்ததுங்க டாக்டர் சொன்ன மாதிரி செம்பு செம்பா தண்ணி ஊத்தி தேறிருச்சு. மச்சான் இப்ப உப்புப் போடாம காயவச்ச கழிவு மீன்தான் வாங்குறாரு. வாங்குறவங்க மணல்ல காயப்போட்டதா வலை விரிச்சு காயப்போட்டதான்னு கேட்டு வாங்குங்க, மணல்ல காஞ்சதுன்னா பாதி மண்ணுக்குத்தான் காசு குடுப்பீங்க.