எலாஸ்டிக்சேர்ச் கிளஸ்டர்: உப்புவெளி நோட் மட்டும் 16 நிமிடத்துக்கு ஒருக்கா கழன்று போகிறது

உவர்மலை_சேர்வர்:

வணக்கம். எலாஸ்டிக்சேர்ச் 8 (தேடல் மென்பொருள்), ஒரே கிளஸ்டராகச் சேர்ந்து ஓடும் மூன்று நோட் (சேர்வர்). இரண்டு உவர்மலை அலுவலக ராக்கில், மூன்றாவது உப்புவெளிக் கிளையில். இரண்டையும் இணைக்கும் வயர்கார்ட் டனல் (மறையாக்கிய இணைப்பு) இரண்டு இடத்திலும் ரவுட்டரிலேயே முடிகிறது. உவர்மலையில் ரவுட்டருக்கும் சேர்வர்களுக்கும் நடுவில் ஒரு ஃபயர்வோல் பெட்டி உண்டு. மூன்றுமே மாஸ்டர் (கிளஸ்டரை நடத்தும் நோட்) ஆகக்கூடியவை, மூன்றிலும் டேட்டா இருக்கிறது. ஓடுவது ஹோட்டல் அறை முன்பதிவுத் தேடல்.

மூன்றாவது நோட் கிளஸ்டரை விட்டுப் போவதும் சில நொடியில் திரும்பி வந்து ஒட்டுவதுமாக இருக்கிறது. இரவில் 16, 17 நிமிடத்துக்கு ஒருக்கா, மணிக்கூடு வைத்த மாதிரி. பகலில் 20, 25 நிமிடம் என்று இடைவெளி நீளும். மாஸ்டர் லொக்கில் ‘நோட் லெஃப்ட்’ வரியில் எழுதியிருக்கும் காரணம் ‘டிஸ்கனெக்டட்’.

ஒரு நாள் முழுக்கப் பிங் ஓடவிட்டுப் பார்த்தேன்: 3, 4 மில்லிசெக்கன், ஒன்றுகூடத் தவறவில்லை. நோட்டுகள் தங்களுக்குள் பேசும் 9300 போர்ட் திறந்திருக்கிறது. ஹீப் (எலாஸ்டிக்சேர்ச்சின் நினைவகம்) பாதிக்கு மேல் ஏறவில்லை. வயர்கார்ட்டில் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் (லைனை உயிரோடு வைக்க அனுப்பும் சின்னப் பொதி) 25 நொடி போட்டிருக்கிறேன், ஆகவே லைன் சும்மா கிடந்து அறுகிறது என்று சொல்ல வழியில்லை. இன்னொன்று: எப்போதாவது ஷார்ட் (தேடல் டேட்டாவின் ஒரு துண்டு) நோட்டுக்கு நோட் நகரும்போது பாதியில் அப்படியே நின்றுவிடும். இரண்டும் ஒரே வருத்தமா, வேறுவேறா தெரியவில்லை. மே மாதம் சீசன் தொடங்க முன்னம் சரிப்பண்ண வேண்டும்.

நிலாவெளி_நெட்:

ஃபொலோவர் செக் (மற்ற நோட் உயிரோடு இருக்கிறதா என்று மாஸ்டர் கேட்பது) டைம்அவுட் 10 நொடியில் இருக்கும். அதை 60 ஆக்கி, ரீட்ரை 3 என்பதை 6 ஆக்குங்கோ. இரண்டு இடத்துக்கு நடுவில் கிளஸ்டர் போட்டால் இவ்வளவு தாராளம் வேண்டும்.

கன்னியா_ஊற்று:

அதைத் தொடாதீர்கள். நோட் வெளியேறினால் எலாஸ்டிக்சேர்ச் மூன்று காரணங்களில் ஒன்றை எழுதும், மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்தைக் காட்டும். ‘ஃபொலோவர்ஸ் செக் ரீட்ரை கவுண்ட் எக்சீடட்’ என்றால் மறுமுனை தொடர்ந்து பதில் சொல்லவில்லை: நீண்ட ஜிசி (நினைவகத் துப்புரவு), நிறைந்த டிஸ்க், நெரிந்த லைன். ‘லாகிங்’ என்றால் கிளஸ்டர் ஸ்டேட்டை (மாஸ்டர் அனுப்பும் நிலைப் பதிவை) ஏற்றுக்கொள்ள 2 நிமிடத்துக்கு மேல் இழுத்திருக்கிறது. ‘டிஸ்கனெக்டட்’ என்றால் டிசிபி கனெக்ஷனே மூடப்பட்டது. உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது. செக் டைம்அவுட்டை 600 ஆக்கினாலும் இந்தக் கனெக்ஷன் அறுந்துகொண்டுதான் இருக்கும். கூடுதலாக, உண்மையாகவே செத்த நோட்டை மாஸ்டர் கண்டுபிடிக்கப் பல நிமிடம் போகும்.

இப்போது அந்த 16 நிமிடத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட வருத்தங்களில் எத்தனை நொடிக்கு ஒருக்கா அறுகிறது என்பதுதான் முதல் சாட்சி. லினக்சின் டிசிபி கீப்பலைவ் இயல்பு மதிப்புகள்: 7200 நொடி சும்மா இருந்தால் முதல் சோதனைப் பொதி, பிறகு 75 நொடிக்கு ஒன்றாக மொத்தம் 9. எலாஸ்டிக்சேர்ச் அந்த 7200-ஐ தன் சொக்கெட்டுகளுக்கு (கனெக்ஷன் முனைகளுக்கு) 300 ஆகக் குறைத்துக்கொள்ளும். 300 + 9 × 75 = 975 நொடி. அதாவது 16 நிமிடம் 15 நொடி. ஒன்பது சோதனைக்கும் பதில் இல்லாவிட்டால் கேர்னல் (லினக்சின் மையப் பகுதி) கனெக்ஷனை மூடும், எலாஸ்டிக்சேர்ச் ‘டிஸ்கனெக்டட்’ என்று எழுதும். திரும்ப இணையும், திரும்ப எண்ணும்.

பதில் வராததற்குக் காரணம், கொஞ்ச நேரம் சும்மா கிடந்த கனெக்ஷனை நடுவிலுள்ள ஃபயர்வோல் மறந்துவிடுவது. பிங் தவறாதது ஏன் என்று கேட்பீர்கள். பிங் ஒவ்வொரு நொடியும் ஓடுகிறது, ஃபயர்வோல் அதை மறக்காது. இரண்டு நோட்டுக்கு நடுவில் ஒரு கனெக்ஷன் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு நோட்டும் மற்றதை நோக்கி 13 திறக்கும்: ரிக்கவரிக்கு (ஷார்ட்டைப் பிரதி எடுக்க) 2, பல்க்குக்கு (மொத்தமாக எழுத) 3, பொது வேலைக்கு 6, ஸ்டேட்டுக்கு 1, எலாஸ்டிக்சேர்ச்சின் சொந்தப் பிங்குக்கு 1. நொடிக்கு ஒருமுறை நடக்கும் ஃபொலோவர் செக் அந்தக் கடைசி ஒன்றில் மட்டும்தான் போகும். ஷார்ட் நகராத நேரத்தில் ரிக்கவரிக் கனெக்ஷன் இரண்டும் சும்மாதான் கிடக்கும், பகலில் எவ்வளவு தேடல் நடந்தாலும். 13-இல் ஒன்று மூடினாலே நோட் போனதாகக் கணக்கு. பகலில் இடைவெளி நீள்வதற்கும் இதுதான் காரணம்: திரும்பி வந்த நோட் பகலில் எழுதப்பட்டதை எல்லாம் ரிக்கவரி வழியாக இழுத்து முடிக்கச் சில நிமிடம் பிடிக்கும், அது முடிந்த பிறகுதான் 975 நொடி எண்ணத் தொடங்கும்.

வயர்கார்ட்டின் 25 நொடிக் கீப்பலைவ் டனலைச் சுமக்கும் வெளி யுடிபிப் பொதிக்கு மட்டும். வழியிலுள்ள நாட் பெட்டி (ஐபி முகவரி மாற்றும் கருவி) டனலை மறக்காமல் இருக்க அது உதவும். டனலுக்குள் போகும் டிசிபிக்கு அது ஒன்றும் செய்யாது. உங்கள் ஃபயர்வோல் பார்ப்பது உள்ளே போகும் அந்த டிசிபியைத்தான்.

ஆகவே ஃபயர்வோலில் டிசிபி சும்மா இருக்கும் நேர வரம்பைப் பாருங்கள். 300 நொடிக்குக் குறைவாக இருக்கும் என்பது என் கணிப்பு. அதோடு உப்புவெளி நோட்டில், கனெக்ஷன்களைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை டைமர் காட்டும் ஓ சுவிட்சோடு 9300 போர்ட்டுக்கு ஓடவிடுங்கள். நல்ல கனெக்ஷனில் ‘கீப்பலைவ்’, மிச்ச நேரம், பிறகு 0 என்று இருக்கும். அந்தக் கடைசி எண் 3, 5, 8 என்று ஏறினால் சோதனைப் பொதி போகிறது, பதில் வரவில்லை என்று அர்த்தம்.

உவர்மலை_சேர்வர்:

ஃபயர்வோலில் டிசிபி வரம்பு 240 நொடி. யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எஸ்எஸ்ஸில் உவர்மலையின் இரண்டு நோட்டுக்கும் போகும் கனெக்ஷன்களில் கடைசி எண் 1-இலிருந்து 7 வரை ஏறியதைப் பார்த்தேன். உவர்மலை நோட்டுகள் தங்களுக்குள் பேசுவதில் எல்லாம் 0. ஃபயர்வோல் ஏன் இரண்டு பக்கமும் ஆர்எஸ்டி (கனெக்ஷன் முடிந்தது என்ற பொதி) அனுப்பிச் சொல்லவில்லை?

கன்னியா_ஊற்று:

பெரும்பாலான ஃபயர்வோல்கள் பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். அதற்குப் பிறகு வரும் பொதி ‘சின்’ (கனெக்ஷன் தொடங்கும் குறி) இல்லாமல் வருவதால் தெரியாத ஆள் என்று எறிந்துவிடும். வெறும் லினக்ஸ் பெட்டி என்றால் நடுவில் வந்த கனெக்ஷனையும் எடுத்துக்கொள்வதுதான் இயல்பு, உங்களுக்கு இந்த வருத்தமே வந்திராது. அதிலும் நிலைத்த கனெக்ஷனின் இயல்பு வரம்பு 432000 நொடி, ஐந்து நாள்.

இரண்டு பக்கமும் திருத்துங்கள். ஃபயர்வோலில் எல்லாவற்றுக்கும் நேரத்தைக் கூட்டவேண்டாம், பதிவு அட்டவணை நிரம்பிவிடும். மூன்று நோட் முகவரிக்கும் 9300 போர்ட்டுக்கும் தனி விதி எழுதி அதில் மட்டும் 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். அந்த விசித்திரமான எண் நாட் பற்றிய இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5382-இல் உள்ளது. டிசிபி கீப்பலைவின் வழக்கமான 2 மணிக்கு (7200 நொடி) மேல் கொஞ்சம் இடம்விட்ட கணக்கு. நோட் பக்கம், எலாஸ்டிக்சேர்ச் அமைப்புக் கோப்பில் டிரான்ஸ்போர்ட் டிசிபி கீப் ஐடில் என்பதை 60 ஆக்குங்கள். இது ஓடும்போது மாறாது, ஒவ்வொரு நோட்டாக நிறுத்தி எழுப்பவேண்டும். ஒன்று எழும்பி கிளஸ்டர் பச்சையானபிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஃபயர்வோல் விதியை நாளைக்கு வேறு யாரும் அழித்தாலும் இந்த 60 காப்பாற்றும்.

நிலாவெளி_நெட்:

சரி, ‘டிஸ்கனெக்டட்’ என்ற சொல்லை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். டிசிபி ரீட்ரைஸ்2 என்பதை 15-இலிருந்து 5 ஆக்கச் சொல்லித்தான் எலாஸ்டிக்சேர்ச் ஆவணமும் சொல்கிறது. அதையும் சேர்த்துப் போடலாமே?

கன்னியா_ஊற்று:

போடலாம், ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து போடவேண்டும். 15 என்றால் பதில் வராத டேட்டாவை லினக்ஸ் ஏறக்குறைய 924 நொடி திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்த பிறகுதான் கைவிடும். 5 என்றால் சுமார் 6 நொடி. ஒரே ராக்கில் 6 நொடி தாராளம். உப்புவெளி லைன் 8 நொடி தள்ளாடினால் 15-இல் தப்பியிருக்கும் கனெக்ஷன் 5-இல் அறும். இந்த அமைப்பு அந்த மெஷினில் ஓடும் எல்லா டிசிபிக்கும் சேரும் என்பதையும் மறக்கவேண்டாம். இருந்தாலும் உவர்மலை இரண்டிலும் உப்புவெளியிலும் 5 வைக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். அதோடு ஒவ்வொரு இன்டெக்சிலும் ‘நோட் லெஃப்ட்’ தாமதத்தை 1 நிமிடத்திலிருந்து 5 நிமிடம் ஆக்குங்கள். சின்னத் தள்ளாட்டத்துக்கெல்லாம் ஷார்ட்டை இடம் மாற்றத் தொடங்காது. இது ஓடும்போதே மாறும்.

ஷார்ட் பாதியில் நிற்பது வேறு வருத்தம். அது நடக்கும் நாட்களில் உப்புவெளி ஃபைபரில் ஓடுகிறதா, 4ஜி மாற்று லைனிலா?

உவர்மலை_சேர்வர்:

இப்போதுதான் ரவுட்டர் லொக்கை எடுத்துப் பார்த்தேன். நின்ற மூன்று தடவையும் 4ஜியில். வயர்கார்ட் எம்டியு (ஒரு பொதியின் உச்ச அளவு, பைட்டில்) இயல்பான 1420.

கன்னியா_ஊற்று:

அதுதான். ஐபி நாலில் வயர்கார்ட் ஒவ்வொரு பொதிக்கும் 60 பைட் சேர்க்கும். 1420 + 60 = 1480. ஃபைபரில் பிபிபிஓஇ (லொகின் செய்து இணையும் முறை) இருந்தாலும் 1492 இடம் உண்டு, தாராளமாகப் போகும். 4ஜியில் அவ்வளவு இடம் இல்லாத வழி இருந்தால் வெளிப் பொதி துண்டாகும். வழியிலுள்ள நாட் துண்டுகளை எறிந்தால் யாருக்கும் தகவல் வராது. கை குலுக்கும் சின்னப் பொதி போகும், செக் போகும், பிங் போகும். ஷார்ட் நகரும்போது முழு அளவுப் பொதி கிளம்பியதும் நின்றுவிடும். (வெளியே ஐபி ஆறு என்றால் 80 பைட், அப்போது பிபிபிஓஇ லைனிலும் 1420 போகாது.)

லைனை 4ஜிக்கு மாற்றிவிட்டு, டனலுக்குள் துண்டாக்கவேண்டாம் என்ற சுவிட்சோடு பிங்கை 1392 பைட்டில் அனுப்புங்கள். 1420-இல் ஐபி, பிங் தலைப்புகளின் 28 பைட்டைக் கழித்தது. போகாவிட்டால் 1252 முயலுங்கள். அது போனால் வயர்கார்ட் எம்டியுவை இரண்டு ரவுட்டரிலும் 1280 ஆக்கி, டனலுக்குள் போகும் டிசிபியின் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பொதியில் போகும் டேட்டாவின் உச்ச அளவை) 1240-க்குக் கட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வேகம் ஒருபக்கமாக நொண்டும்.

கொட்டியாரக்குடா:

மேலே சொன்னதில் குறை இல்லை. உப்புவெளி கடற்கரைப் பக்கம் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். ஈத்டூல் (நெட்வேர்க் கார்டைப் பார்க்கும் கட்டளை) புள்ளிவிவரத்தில் சிஆர்சி பிழை (வழியில் பழுதான பொதி) எண்ணைப் பாருங்கோ. அது பூச்சியத்தில் நிற்கவேண்டும், நாளுக்கு நாள் ஏறினால் கேபிள் அல்லது முனை. உப்புக் காற்றில் ஆர்ஜே45 முனையின் தங்கப் பூச்சு மெல்லியதாக இருந்தால் பச்சை பிடிக்கும். 50 மைக்ரோஇஞ்ச் பூச்சுள்ளதை வாங்குங்கோ. செம்பு பூசிய அலுமினியக் கேபிளை அந்தப் பக்கம் சேர்க்கவே வேண்டாம்.

அடுத்தது சுவிட்ச். கேபிள் ஒரு நொடி ஆடி நிமிர்ந்தால் டிசிபி சமாளிக்கும். பழைய எஸ்டிபி (நெட்வேர்க்கில் சுற்று விழாமல் தடுக்கும் முறை) ஓடும் சுவிட்சிலோ அந்த போர்ட் திரும்பத் திறக்க 15 + 15 = 30 நொடி எடுக்கும். ஒரு நொடி ஆட்டம் அரை நிமிடத் தடையாகிவிடும். ரீட்ரைஸ்2 5 ஆக்கியபிறகு அது நிச்சயமாக அறுக்கும். சேர்வர் செருகிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (காத்திராமல் உடனே திறப்பது) ஆக்குங்கோ. சேர்வருக்கு யுபிஎஸ் கொடுத்து சுவிட்சையும் ரவுட்டரையும் சுவரில் செருகுவது இங்கே சகஜம், கரண்ட் நின்றால் அதுவும் இதே மாதிரித்தான் தெரியும். கடைசியாக, மூன்று நோட்டிலும் குரோனி (நேரத்தை ஒத்திசைக்கும் மென்பொருள்) ஓடட்டும். நேரம் 2 நொடி விலகினாலும் இரண்டு இடத்து லொக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியாது.

உவர்மலை_சேர்வர்:

செய்தவை: ஃபயர்வோலில் 9300-க்குத் தனி விதி, 8000 நொடி. கீப் ஐடில் 60, மூன்று நோட்டிலும். ரீட்ரைஸ்2 5. தாமதம் 5 நிமிடம். 4ஜியில் 1392 போகவில்லை, 1252 போனது. எம்டியு 1280, எம்எஸ்எஸ் 1240. அதன்பின் 4ஜியிலேயே வைத்து ஒரு 12 ஜிபி ஷார்ட்டை நகர்த்தினேன், நிற்காமல் முடிந்தது.

ஆறு நாளில் ‘நோட் லெஃப்ட்’ ஒரே ஒரு தடவை. 31 நொடி. அந்த நேரம் உப்புவெளி டிமெசேஜில் (கேர்னல் லொக்கில்) லிங்க் டவுன், லிங்க் அப். சிஆர்சி எண் 1140, ஏறிக்கொண்டிருக்கிறது. முனையைக் கழற்றினால் இரண்டு பின் பச்சை. நாளைக்குப் புதுக் கேபிள் இழுத்து, போர்ட்டையும் எட்ஜ் ஆக்குகிறேன்.