குருதிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு டொக்டராகித்தான் போக வேண்டுமா?

வாவிக்கரை
ஏ.எல். பயோ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக இருக்கிறேன், களுவாஞ்சிக்குடிப் பக்கம். மாமாவுக்கு சீ.எம்.எல். என்ற லுக்கீமியா. முதல் வருடம் முழுக்க இரவு பஸ்ஸில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம், என்பு மச்சை எடுக்க ஊசி குத்தும்போது அவர் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. இப்போது தினமும் ஒரு குளிசை, அவ்வளவுதான், காலையில் தோணியில் இறாலுக்குப் போகிறார். அந்தக் குளிசையைக் கண்டுபிடிக்கிற வேலையைத்தான் நான் செய்ய வேண்டும். மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் அந்தக் கதவு மூடிவிடுமா?

நுணுக்குக்காட்டி
தங்கச்சி, மாமா போடுவது அநேகமாக இமாட்டினிப். அதன் கதையே உங்கள் கேள்விக்குப் பதில். 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் ஒரு டொக்டர், டேவிட் ஹங்கர்போர்ட் அப்போது கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர், டொக்டர் இல்லை. நோவெல் ஸ்லைடைக் குழாய்த் தண்ணீரில் அலசப்போய்க் கலங்கள் வீங்கி, ஜீன்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) தனித்தனியாகத் தெரிந்தன. அவை என்னவென்று பார்க்க ஹங்கர்போர்ட்டின் கண் வேண்டியிருந்தது. சீ.எம்.எல். நோயாளிகளில் ஒரு நிறமூர்த்தம் கட்டையாக இருப்பதை இருவருமாகக் கண்டார்கள். 1973இல் ஜேனட் ரௌலி, ஒன்பதாம், இருபத்திரண்டாம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால்தான் அப்படி என்று காட்டினார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிறமூர்த்தப் படங்களை வெட்டிப் பரப்பி வைத்துப் பார்த்தவர். அந்த ஒட்டுப்போட்ட ஜீன் உண்டாக்கும் நொதியம் நிற்காமல் வேலை செய்யும், அதை அடைக்கிற குளிசைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கணக்குப் பாருங்கள், 41 வருடம்.

நான் எம்.எல்.ரி., அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், ஆஸ்பத்திரி லாப்பில் இருக்கிறேன். சீ.எம்.எல். பிளட் பிக்சரை லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால், பள்ளி விட்ட நேரம் நேர்சரிப் பிள்ளை முதல் ஏ.எல். பிள்ளை வரை ஒரே கேற்றில் முண்டியடிப்பது போல, வெண்கலங்கள் எல்லா வயதிலும் நிற்கும். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, அதையும் விண்ணப்பத்தில் மேலே போடுங்கள்.

ஓட்டமாவடி டொக்
மேலே சொன்னது சரி, ஆனால் கொஞ்சம் இனிப்பாகச் சொல்லிவிட்டார். இங்கே நோயாளியோடு இருந்து ஆராய்ச்சி செய்ய ஆசையென்றால் எம்.பி.பி.எஸ்., இன்டர்ன், பிறகு கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் ஹீமட்டோலொஜி எம்.டி., வெளிநாட்டுப் பயிற்சி. முடிய முப்பத்தைந்து வயது தாண்டும். கிளினிக் நாளில் ஆராய்ச்சி பற்றி நினைக்கவே நேரம் இராது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் ஸ்கோர் வரட்டும், பிறகு கதைப்போம்.

கல்முனைக்குடி
நான் வெளிநாட்டில் நிர்ப்பீடனவியலில் (உடலின் நோய் எதிர்ப்பு பற்றிய படிப்பு) கலாநிதிப் பட்டம் செய்கிறேன், தொடங்கியது சாதாரண விஞ்ஞானப் பட்டத்தோடு. ஞாயிறு என்று லாப்பில் வளர்க்கும் கலங்களுக்குத் தெரியாது, அன்றைக்கும் போய்ச் சாப்பாடு மாற்ற வேண்டும். மூன்று மாத வேலை ஒரு பூஞ்சணத்தால் குப்பைக்குப் போனது, அன்று லாப்பிலேயே அழுதேன்.

நேர்கோட்டில் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கார்ல் ஜூன் கடற்படை டொக்டர். சியாட்டிலில் என்பு மச்சை மாற்றச் சிகிச்சை பழகினார், பிறகு பல வருடம் எச்.ஐ.வி. வேலை. நோயை எதிர்க்கும் வெண்கலங்களான ரீ கலங்களை வெளியே எடுத்துப் பெருக்கும் கைவேலை அங்கேதான் படிந்தது. 2012இல் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியின் லுக்கீமியாவுக்கு, மாற்றியமைத்த அவளுடைய ரீ கலங்களையே ஏற்றினார்கள். காய்ச்சல் உயிரைக் கொண்டுபோகிற அளவுக்கு ஏறியது. இரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6 என்ற புரதம் எக்கச்சக்கம். அதைத் தடுக்கும் மூட்டுவாத மருந்து ஒன்று ஜூனுக்கு ஏற்கெனவே தெரியும், காரணம் அவருடைய மகளுக்கு மூட்டுவாதம். கொடுத்தார்கள், பிள்ளை தப்பினாள். 2017இல் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி. இந்தியாவிலும் 2023இல் மும்பாய் ஐ.ஐ.ரி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து ஆக்கியது அனுமதி பெற்றுவிட்டது, ஆகவே இது தூரதேசத்துக் கதை மட்டும் இல்லை. ஆங்கிலம் வாசிப்பதை இன்றைக்கே தொடங்குங்கள், எனக்கு அதுதான் பெரிய இடி.

வாவிக்கரை
எல்லோருக்கும் நன்றி. டொக்டர் சேர், முப்பத்தைந்து என்றதும் அம்மா போனைப் பிடுங்கி வாசித்தா. மாமாவிடம் குழாய்த் தண்ணீர்க் கதையைச் சொன்னேன், "அப்ப நம்மட கிணத்துத் தண்ணியும் ஒருநாள் உதவும்" என்கிறார். நுணுக்குக்காட்டி அண்ணா, ஒரு ஸ்லைட் நேரில் பார்க்க விடுவார்களா?