கேர் பிளான் எழுத உதவுங்க சீனியர்ஸ்

வணக்கம் அக்கா, அண்ணா. நான் பி.எஸ்சி. நர்சிங் ரெண்டாம் வருஷம். சர்ஜிக்கல் வார்டுல எனக்குக் கொடுத்த பேஷன்ட் 72 வயசு தாத்தா. புராஸ்டேட் ஆபரேஷன் முடிஞ்சு, கத்தீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கிற குழாய்) எடுத்து மூணு நாள் ஆச்சு. சிறுநீர் தானாப் போகுது, ஆனா அடக்க முடியல. சொட்டுச் சொட்டா வேட்டி நனையுது. ராத்திரி அஞ்சாறு தடவை எழுந்திருக்கார். ஒரு தூக்கச் சுழற்சிக்கே சுமார் 90 நிமிஷம் வேணும், அது இவருக்கு முழுசா எங்க கிடைக்குது? படுக்கும்போது காது மெஷினைக் கழட்டிடுறதால நாம சொல்றதும் கேக்காது.

இதைவிட எனக்கு உறுத்துறது வேற. டயப்பர் கட்டலாமான்னு கேட்டதும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். "பேரப்புள்ள வந்தா பாக்குமேம்மா"ன்னார். அப்புறம் தண்ணியே குடிக்க மாட்டேங்கறார். குடிக்காட்டி சிறுநீர் கெட்டியாகி எரிச்சல், தொற்று எல்லாம் வரும்னு சொன்னேன், எடுபடல.

நர்சிங் டயக்னோசிஸ்ல, அதாவது நர்ஸா நாம கவனிக்க வேண்டிய பிரச்சினைகள்ல, எதை முதல்ல போடட்டும்? சிறுநீர் கசிவையா, தன்மதிப்புக் குறைவையா? பகல்ல ரெண்டு மணிக்கொரு தடவை யூரினல், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணி குறைவுன்னு எழுதியிருக்கேன், சரியா? கீகல் பயிற்சியை (சிறுநீரை அடக்குற தசையை இறுக்கித் தளர்த்துறது) காது மந்தமானவங்களுக்கு எப்படிப் புரியவெச்சீங்க? கத்திச் சொன்னா வார்டே திரும்பிப் பாக்குது! நாளன்னைக்கு சப்மிட் பண்ணணும்.